ரைடிங்: சவாரியுமில்லை, மாவட்டமுமில்லை

கனடாவில் பொதுத்தேர்தல் வந்தால் தமிழுக்கும் கண்டம் வந்துவிடுகிறது. நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரைத் தெரிவுசெய்யும் பரப்பை ஆங்கிலப் பேச்சில் ‘ரைடிங்’ என்பார்கள். கணினியிடம் மொழிபெயர்க்கக் கொடுப்பவர்கள் அதைச் ‘சவாரி’ ஆக்கிவிடுகிறார்கள். அதைப் படித்துச் சிரித்துவிட்டுப் போகலாம். சிரிக்க முடியாதது, பொறுப்பாக உட்கார்ந்து எழுதுபவர்கள் தரும் ‘தேர்தல் மாவட்டம்’. 2025 ஏப்ரல் தேர்தலின்போது இதை எத்தனை தரம் கேட்டேனோ தெரியாது. ஒன்ராறியோ மாகாணத்தைப் பற்றிய ஒரு செய்தியில் ‘பாரி சவுண்ட் - மஸ்கோக்கா தேர்தல் மாவட்டம்’ என்று படித்த அன்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குதிரைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இங்கிலாந்தின் யோர்க்ஷயரில் குடியேறிய வைக்கிங்குகளின் மொழியில் ‘மூன்றிலொரு பங்கு’ என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. யோர்க்ஷயர் வடக்கு, கிழக்கு, மேற்கு என மூன்றாகப் பிரிந்திருந்தது. முதலில் ‘த்ரைடிங்’ போல ஒலித்த சொல், ‘ஈஸ்ட்’, ‘வெஸ்ட்’, ‘நோர்த்’ ஆகியவற்றின் கடைசி ஒலியோடு மோதித் தன் தலையெழுத்தை இழந்தது. நம் புணர்ச்சி இலக்கணத்தில் கெடுதல் என்போமே, அதுதான். கனடாவுக்குக் கப்பலேறியபோது பொருளும் கெட்டது: 1867இல் ஒன்ராறியோவின் கவுண்டிகள் எனப்பட்ட நிர்வாகப் பிரிவுகள் பலவற்றை இரண்டிரண்டு ரைடிங்குகளாகப் பிரித்தார்கள். இரண்டாக வெட்டினாலும் பெயர் மூன்றிலொன்று! இன்று, ஓர் உறுப்பினரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பும் பரப்பு, அவ்வளவே.

அதற்குத் தமிழில் தொகுதி என்று பெயர். ‘தொகு’ என்ற வேரிலிருந்து வந்தது. வாக்காளர்களைத் தொகுத்த பரப்பு. சிறுகதைத் தொகுதியும் தொகுதிதானே, குழம்பாதா என்று ஒருவர் கேட்டார். சிறுகதைத் தொகுதியில் யாரும் வாக்குக் கேட்டு வருவதில்லை.

மாவட்டக்காரர்களிடம் ஒரு வாதம் இருக்கிறது. கனடாவின் சட்டத்தில் ‘ரைடிங்’ என்பது பேச்சுவழக்குத்தான். சட்டப் பெயர் ‘எலெக்ரோறல் டிஸ்ரிக்ற்’. டிஸ்ரிக்ற் என்றால் மாவட்டம், ஆகவே தேர்தல் மாவட்டம். அகராதி சரி. ஆனால் இதை யார் படிக்கப்போகிறார்கள்? கனடாவில் தமிழ்ச் செய்தி படிப்பவர்களில் பெரும்பாலானோர் இலங்கையிலிருந்து வந்தவர்கள். அவர்களிடம் ‘தேர்தல் மாவட்டம்’ என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது, அதற்கு வேறு பொருளும் இருக்கிறது. இலங்கையில் 22 தேர்தல் மாவட்டங்கள்; ஒவ்வொன்றும் பல உறுப்பினர்களை விகிதாசாரப்படி தெரிவுசெய்யும். மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றும் சேர்ந்தது வன்னித் தேர்தல் மாவட்டம். விகிதாசார முறைக்கு முந்திய காலத்தில் காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை என்று தனித்தனியே ஆளனுப்பியவை தொகுதிகள். ஆக, கனடாவில் இருப்பதற்குச் சரியான சொல் நம் மூத்தவர்களின் நாவில் எப்போதோ இருந்தது. அதை விட்டுவிட்டு, நேர் எதிரான முறைக்குரிய சொல்லை எடுத்து ஒட்டுகிறோம்.

இதன் விளைவை வீட்டிலேயே கண்டேன். 2006 தேர்தலில் இதே பாரி சவுண்ட் - மஸ்கோக்காவில் கொன்சர்வேட்டிவ் கட்சியின் ரோனி கிளெமென்ற், அமைச்சராயிருந்த லிபரல் அன்டி மிச்செலை 28 வாக்குகளால் வென்றார். நாடறிந்த இழுபறி, மறுபடி எண்ணித்தான் முடிவானது. இதைப் பெரியப்பாவுக்குச் சொன்னேன், சனியன், நானும் ‘தேர்தல் மாவட்டம்’ என்றே சொல்லிவிட்டேன். “இருபத்தெட்டு எண்டால் விருப்பு வாக்கோ? அப்ப மற்றவரும் வந்திருப்பாரே?” என்று கேட்டார். பிழை அவருடையதல்ல. இலங்கைத் தேர்தல் மாவட்டத்தில் கட்சிப் பட்டியலிலுள்ள வேட்பாளர்களுக்கு இடும் விருப்பு வாக்கும், பலர் தெரிவாவதும்தான் அவருக்குப் பழக்கம். ஒருவர் வெல்ல மற்றவர் வீட்டுக்குப் போகும் முறை என்று விளக்கியதும், “அதைத் தொகுதி எண்டு சொல்லன் மோனை” என்றார்.

இந்த இடத்தில் மாவட்டம் என்பது இன்னொரு வகையிலும் இடறும். ஒன்ராறியோவின் வடபகுதியில் டிஸ்ரிக்ற் என்பதே நிர்வாகப் பிரிவின் பெயர். பாரி சவுண்ட் ஒரு மாவட்டம். மஸ்கோக்கா 1971 முதல் மாவட்ட நகராட்சி. அதற்குத் தனி மன்றம், தனித் தலைவர். ‘மஸ்கோக்கா மாவட்டத்தில் வென்றார்’ என்று எழுதினால் எந்த மன்றத்துக்கு வென்றார்? தொகுதி என்றால் இந்தக் கேள்வியே எழாது. ‘வட்டாரம்’ என்று எழுதுவோரும் உண்டு. அது மாநகரசபைத் தேர்தலுக்குரியது, அங்கேயே இருக்கட்டும்.

மொழிபெயர்ப்பவர்கள் அகராதியைத் திறக்கிறார்கள், சன்னலைத் திறப்பதில்லை. அதே செய்தியில் இந்தத் தொகுதியை ‘குடிசை நாடு’ என்றும் எழுதியிருந்தார்கள். ரொறன்ரோவுக்கு வடக்கே, ஏரிகளும் பாறைகளும் நிறைந்த இப்பகுதியை ‘கொட்டேஜ் கன்றி’ என்று அழைப்பார்கள், அதன் தமிழாம். மஸ்கோக்கா ஏரிக்கரைகளில் மில்லியன் டொலர் மாளிகைகளும் அந்தக் கொட்டேஜுகளில் அடக்கம். படகுக்கே தனி வீடு கட்டிவைத்திருப்பார்கள். கோடை வீடு என்று எழுதலாம், ஏரிக்கரை வீடு என்று எழுதலாம். ஒன்றும் வராவிட்டால் கொட்டேஜ் என்றே விட்டுவிடலாம். “கொட்டேஜுக்குப் போறம்” என்றுதானே எல்லோரும் சொல்கிறோம்.

‘குடிசைவாழ் வாக்காளர்கள் யார் பக்கம்?’ என்பது அந்தச் செய்தியின் தலைப்பு. படிப்பவருக்கு ஏழை எளியவர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். உண்மையில், கோடைக்கு மட்டும் வந்துபோகிறவருக்கு நாடாளுமன்றத் தேர்தலில் அங்கே வாக்கே கிடையாது. அவர் வழக்கமாக வசிக்கும் இடம் எதுவோ, அங்கேதான் வாக்கு. வீடு சொந்தமென்பதால் உள்ளூராட்சித் தேர்தலில் மட்டும் அங்கே வாக்களிக்கலாம். பாரி சவுண்ட் - மஸ்கோக்காவுக்கு யார் உறுப்பினர் என்று தீர்மானிப்பவர்கள், பனிக்காலத்திலும் அங்கேயே கிடந்து, அந்த மாளிகைகளின் கூரையில் ஏறிப் பனி தள்ளுகிற உள்ளூர்ச் சனம்.