லேட்டரல் டெகுபிட்டஸ்: ஒருக்களித்த கிடை

இடுப்பு மூட்டு மாற்று அறுவைக்குப் பேர் கொடுத்தவரின் கேஸ் ஷீட்டில் ‘லெஃப்ட் லேட்டரல்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு, “வலது இடுப்புலதான வலி, எதுக்கு லெஃப்ட்னு போட்டிருக்கு?” என்று வீட்டார் பதறுவது உண்டு. பதற வேண்டாம். அது அறுவை செய்யும் பக்கம் அல்ல. மேசையில் கீழே இருக்கும் பக்கம். வலது இடுப்பு மேலே வந்தால்தானே கத்தி வைக்க முடியும்? இதன் முழுப்பெயர் லெஃப்ட் லேட்டரல் டெகுபிட்டஸ்.

லத்தீனில் ‘லாட்டுஸ்’ என்றால் விலாப்பக்கம். ‘டெகும்பெரே’ என்றால் படுத்துக்கொள்வது. குழந்தைகள் வார்டில் இருக்கும் இன்குபேட்டரும் இதே வேரிலிருந்து வந்ததுதான். ஆபீஸில் ஆளுக்கொரு தடுப்பறையாக இருக்கும் கியூபிக்கிளும் அப்படியே, அதன் லத்தீன் மூலத்துக்குப் படுக்கையறை என்று பொருள். மதுரை இலந்தைகுளம் ஐ.டி. பார்க்கில் மத்தியானம் கண்ணயர்கிறவர்கள் சொல்லின் வேருக்கு விசுவாசமாக இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். படுக்கைப்புண்ணை டெகுபிட்டஸ் அல்சர் என்பதும் இதனால்தான்.

தமிழில் பெரும்பாலும் ‘பக்கவாட்டுப் படுக்கை நிலை’ என்று எழுதுகிறார்கள். தப்பில்லை, ஆனால் சப்பென்று இருக்கிறது. படுப்பதற்கு நம்மிடம் பஞ்சமே இல்லை: மல்லாக்கப் படுப்பது, குப்புறப் படுப்பது, ஒருக்களித்துப் படுப்பது. சுபைன், புரோன், லேட்டரல் மூன்றும் இதில் அடங்கிவிட்டன. ‘இடப்பக்கம் ஒருக்களித்து’ என்றால் இடப்பக்கம் கீழே என்பது யாருக்கும் சந்தேகமில்லாமல் விளங்கும். ‘இடது பக்கவாட்டு’ என்பதில் அந்தத் தெளிவு இல்லை.

டெகுபிட்டஸுக்குக் ‘கிடை’ என்று வைக்கலாம். மதுரை கூடலழகர் கோயிலுக்குப் போனவர்களுக்கு இது புதிதல்ல. அங்கே பெருமாள் இருந்த, நின்ற, கிடந்த மூன்று கோலத்திலும் காட்சி தருகிறார். அறுவடை முடிந்த வயலில் ஆட்டுக்கிடை போடுவதும், பாடப்புத்தகத்துக் கிடைமட்டமும் இந்தக் ‘கிட’வின் பிள்ளைகளே. எக்ஸ்ரே துறையில் டெகுபிட்டஸ் படம் என்றால் ஆள் படுத்திருக்க, கதிரும் கிடைமட்டமாகப் பாயவேண்டும். கிடை என்ற ஒரே சொல் இரண்டுக்கும் பொருந்திவிடுகிறது.

இந்தக் கிடைக்கு ஏன் இத்தனை மெனக்கெடல்? தொடையெலும்பின் பந்து உட்காரும் குழியில் செயற்கைக் கிண்ணத்தைப் பொருத்தும்போது இரண்டு கோணம் பார்க்க வேண்டும். ஒன்று சாய்வு, இன்னொன்று கிண்ணத்தின் வாய் முன்னோக்கித் திரும்பியிருக்கும் அளவு. இந்த இரண்டாவதற்குப் பெயர் ஆன்டிவெர்ஷன், தமிழில் முன்திருப்பம். லெவின்னெக் என்ற டாக்டரின் ஆய்வுக் குழுவினர் 1978இல் சாய்வுக்கு 40 டிகிரி, முன்திருப்பத்துக்கு 15 டிகிரி, இரண்டிலும் 10 டிகிரி கூடலாம் குறையலாம் என்று ஒரு பாதுகாப்பு எல்லை சொன்னார்கள். அந்த எல்லைக்குள் வைத்த கிண்ணத்திலும் பந்து நழுவுவது உண்டு என்று பின்னால் தெரிந்தது. ஆனாலும் பேச்சு இன்றும் அந்த எண்களில் இருந்துதான் தொடங்குகிறது.

பச்சைத் துணி போர்த்திய பிறகு இடுப்பெலும்பு டாக்டரின் கண்ணுக்குத் தெரியாது. அது மேசைக்கு நேர் செங்குத்தாக நிற்கிறது என்று நம்பி, மேசையையும் தரையையும் வைத்துத்தான் கோணம் பிடிப்பார். அதனால் முன்னே பூப்பெலும்பிலும் பின்னே முதுகின் அடியெலும்பிலும் முட்டுக் கொடுத்து இறுக்குகிறார்கள். கீழ்ப்பக்கத்து அக்குளுக்குச் சற்றுக் கீழே, விலாவுக்கு அடியில் சுருட்டிய துணி ஒன்றும் போகும். இல்லாவிட்டால் உடம்பின் பாரம் தோளில் இறங்கி, கைக்குப் போகும் நரம்பும் ரத்தக்குழாயும் நசுங்கும். இத்தனை முட்டு இருந்தும், பின்வழியாகத் திறக்கும் அறுவையில் உதவியாளர் தொடையை முன்பக்கம் இழுத்துப் பிடிக்கும்போது இடுப்பு மெல்ல முன்னால் உருண்டுவிடும். டாக்டர் தரையைப் பார்த்து 15 டிகிரி வைப்பார். எலும்பின் கணக்கில் அது குறைந்துபோயிருக்கும். சில சமயம் கிண்ணத்தின் வாய் பின்னோக்கியே திரும்பிவிடும். அப்படிப்பட்டவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாலோ தாழ்ந்த மணையிலிருந்து எழுந்தாலோ பந்து பின்பக்கமாகக் கழன்றுகொள்ளும். தரையில் உட்கார்ந்தே பழகிய நம் ஊருக்கு இது சின்ன விஷயமில்லை.

எல்லோரும் ஒருக்களித்துத்தான் செய்கிறார்கள் என்றும் இல்லை. இங்கிலாந்தின் ரைட்டிங்டன் ஆஸ்பத்திரியில் 1962இல் இன்றைய மூட்டு மாற்றுக்கு வழிபோட்ட டாக்டர் சார்ன்லி, நோயாளியை மல்லாக்கப் படுக்கவைத்தே செய்தார். முன்வழி அறுவையும் பெரும்பாலும் மல்லாந்த கிடையில்தான்.

இனி பொசிஷனிங், அதாவது நோயாளியை அறுவைக்கு ஏற்றபடி மேசையில் படுக்கவைப்பது. இதற்கு என்ன சொல்? ‘கிட’ என்பதற்குப் பிறவினை ‘கிடத்து’. இலக்கணப்படி ‘கிடத்தல் முறை’ என்று எழுதிவிடலாம். ஆனால் எங்கள் பக்கம் நடுவீட்டில் கிடத்தியிருக்கிறார்கள் என்றால் மாலை வாங்கிக்கொண்டுதான் போவார்கள். “கிடையில விழுந்துட்டாரு” என்றாலும் எழுந்து நடமாட மாட்டார் என்றே அர்த்தம். நடப்பதற்காக ஆபரேஷன் செய்துகொள்கிறவரிடம் போய் இந்தச் சொல்லைச் சொன்னால் அவர் முகம் எப்படி இருக்கும்? என் கணக்கில் பாடநூலில் ‘ஒருக்களித்த கிடை’ இருக்கட்டும், பொசிஷனிங்குக்குப் ‘படுக்கவைக்கும் முறை’ போதும். வார்டில், “உங்களை இடப்பக்கம் ஒருக்களிச்சுப் படுக்க வச்சு, மேல இருக்கிற வலது இடுப்புல ஆபரேஷன் பண்ணுவோம்” என்று சொல்லிவிடலாம். ஒப்புதல் படிவத்திலும் அதையே அச்சிட்டால், லெஃப்ட் எது ரைட் எது என்று கையெழுத்துப் போடும் நேரத்தில் யாரும் மிரள மாட்டார்கள்.