களிம்புக்குள் இருக்கும் முகம்

போன அக்டோபரில் பத்துக் காசு வாங்கினேன். மண் அப்பிய, பச்சையும் பழுப்புமான சின்ன வட்டங்கள். சிலது நம் பழைய பத்துப் பைசா ஸ்டீல் காசு அளவுகூட இல்லை. முகமோ எழுத்தோ எதிலும் தெரியவில்லை. கிழக்கு இங்கிலாந்தின் உழவு வயல்களில் மெட்டல் டிடெக்டர் வைத்துத் தேடியபோது கிடைத்த ரோமானியக் காசுகள், கி.பி. நான்காம் நூற்றாண்டு, சுத்தம் செய்யாதவை என்றார் விற்றவர். ஒன்றின் விலை இங்கே ஒரு கப் காபியின் விலைதான்.

எனக்குச் சொந்த ஊர் கரூர். அமராவதி வற்றும் கோடையில் ஆற்று மணலைச் சலித்துக் காசு எடுப்பவர்களைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். சேரர் காசோடு ரோமானியக் காசும் அந்த மணலில் கிடைத்தது. அதில் இதே நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுச் செப்புக்காசுகளும் உண்டு. இலங்கையிலும் இவை ஆயிரக்கணக்கில் அகப்பட்டிருக்கின்றன. வேலைக்காக வந்த நாட்டில் அதே காசு கைக்கு எட்டுகிற விலையில் கிடைக்கிறது என்றதும் விட மனம் வரவில்லை.

பதினாறு, பதினேழு நூற்றாண்டு பழைய பொருள் எப்படி இவ்வளவு மலிவு? எண்ணிக்கைதான் காரணம். கி.பி. 294 வாக்கில் பேரரசர் டயோக்ளீஷியன் நாணய முறையைத் திருத்தி, சுமார் 10 கிராம் எடையில் லேசாக வெள்ளி கலந்த பெரிய காசு ஒன்றை வெளியிட்டார். அது வருடத்துக்கு வருடம் இளைத்தது. 330 வாக்கில் இரண்டரை கிராம். அடுத்த பத்தாண்டுக்குள் ஒன்றேமுக்கால் கிராம் வாக்கில் வந்துவிட்டது. காசு இளைக்க இளைக்க அதிகமாக அடிக்க வேண்டியிருந்தது. இன்றைய ஜெர்மனியின் டிரியர் முதல் எகிப்தின் அலெக்சாண்டிரியா வரை ஒரு டஜனுக்கு மேற்பட்ட அக்கசாலைகள், அதாவது காசு அடிக்கும் கூடங்கள், ஒரே படத்தை ஓயாமல் அடித்துத் தள்ளின. கை நழுவி விழுந்தால் யாரும் குனிந்து தேடாத காசு. அதனால்தான் இன்று வயல் வயலாகக் கிடைக்கிறது.

சரி, விழுந்த காசுக்கு மண்ணுக்குள் என்ன ஆகிறது?

ஈரமும் காற்றும் பட்டதும் செம்பு ஆக்சிஜனோடு சேர்ந்து குப்ரைட் என்ற செந்நிற ஆக்சைடாகிறது. சுவரில் சுண்ணாம்பு பூசியதுபோல உலோகத்தின் மேல் ஏறி உட்காரும் படலம் என்று இதை நினைத்துவிடக் கூடாது. உலோகம் இருந்த இடத்திலேயே, உலோகத்தைத் தின்று தின்று உள்நோக்கி வளர்கிறது. அந்த இடத்தில் அடங்காத செம்பு அயனிகள் வெளியே கசிகின்றன. மண்ணில் ஊறிய நீரில் கார்பன் டை ஆக்சைடு கரைந்திருக்கும். அதோடு சேர்ந்து மலக்கைட் என்ற பச்சைக் கனிமமாக வெளிப்புறம் படிகின்றன. படியும்போது சுற்றியிருக்கும் மணலையும் களிமண்ணையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கின்றன. காசு கல்லாகக் கெட்டிப்படுவது இப்படித்தான்.

இப்போது யோசித்துப் பாருங்கள். அச்சில் அடித்தபோது அரசனின் மூக்கு எந்த மட்டத்தில் இருந்ததோ, அந்த மட்டத்தில் இன்று உலோகம் இல்லை. உலோகம் கீழே பின்வாங்கிவிட்டது. அதன் மேற்பரப்பு குண்டும் குழியுமாக இருக்கும். மூக்கும் காதும் எழுத்தும் பதிந்திருப்பது, உலோகத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்ட அந்தக் கனிம அடுக்கில். பழைய மேற்பரப்புக்கு வெளியே மணலோடு கலந்த பச்சை ஓடு. உள்ளே மணல் கலக்காத, வழவழப்பான அடுக்கு. அருங்காட்சியகங்களில் காசு சுத்தம் செய்பவர்கள் இந்த எல்லையைத்தான் நுண்ணோக்கியில் தேடுகிறார்கள். மணல் துகள் தென்பட்டால் இன்னும் மேலே இருக்கிறோம். மணல் நின்றுவிட்டால் கையும் நிற்க வேண்டும்.

நமக்குப் பச்சையைப் பார்த்தால் களிம்பு. களிம்பு என்றால் தேய்க்கக் கை போகும். ஆன்மாவோடு ஒட்டிய மலத்துக்குச் சைவ சித்தாந்தத்தில் செம்பில் களிம்பைத்தான் உவமை சொல்வார்கள். பிரிக்க அவ்வளவு கஷ்டம். மண்ணில் கிடந்த காசில் இன்னும் ஒரு படி மேலே போய், நாம் தேடுகிற முகமே களிம்பில்தான் இருக்கிறது.

இது தெரியாமல் முதல் காசைக் கெடுத்துவிட்டேன். எங்கள் அம்மாயி வெண்கலப் பானையையும் செப்புக் குடத்தையும் புளி வைத்துத் தேய்ப்பார். சூரியன் மாதிரி மின்னும். அதே நினைப்பில் ஒரு காசைப் புளிக்கரைசலில் ஒரு ராத்திரி போட்டு வைத்தேன். புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலம் மலக்கைட்டையும் கரைக்கும், குப்ரைட்டையும் கரைக்கும். குடத்தில் அந்த அடுக்கு மிக மெல்லியது. கீழே நல்ல செம்பு இருக்கிறது, அதனால் மின்னுகிறது. காசில் அந்த அடுக்குதான் எல்லாமே. காலையில் எடுத்துப் பார்த்தால் அம்மைத் தழும்பு விழுந்தாற்போன்ற இளஞ்சிவப்புத் தகடு. ஆயிரத்து அறுநூறு வருடம் மண் காப்பாற்றி வைத்திருந்த முகத்தை ஒரே ராத்திரியில் அழித்துவிட்டேன். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை. எலுமிச்சைச் சாறு, வினிகர் எல்லாம் செய்வது இதே வேலைதான். மின்பகுப்பு இன்னும் வேகம்.

மீதி ஒன்பதையும் பழைய ஊறுகாய்ப் பாட்டில்களில், டிஸ்டில்டு வாட்டரில் ஊறப் போட்டேன். ஊரில் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுகிறோமே, அந்தத் தண்ணீர். குழாய்த் தண்ணீர் ஏன் ஆகாது என்றால் அதில் ஏற்கெனவே குளோரைடு உப்பு இருக்கிறது. மண்ணிலிருந்து காசுக்குள் ஏறிய அதே உப்புதான் பின்னால் காசை அரிக்கும். அது வெளியே வர வேண்டுமானால் வெளியே உப்பே இல்லாத தண்ணீர் இருக்க வேண்டும். அடர்த்தி அதிகமான இடத்திலிருந்து குறைவான இடத்துக்கு அது தானாக நகரும். கொஞ்ச நாளில் இரண்டு பக்கமும் சமமாகி நகர்வது நின்றுவிடும், அப்போது தண்ணீரை மாற்ற வேண்டும். எப்போது மாற்றுவது என்று தெரிந்துகொள்ள, ஆர்ஓ தண்ணீரைச் சோதிக்க வைத்திருந்த, கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரையே பயன்படுத்தினேன். ஊற்றியபோது பூஜ்யம் காட்டிய தண்ணீர் வாரக் கடைசியில் பத்து, பதினைந்து என்று காட்டும். மாற்றுவேன். ஜனவரி வரை இப்படியே ஓடியது. தண்ணீர் மண்ணையும் இளக்கும், ஆனால் மலக்கைட்டைத் தொடாது. அதனால்தான் இது இவ்வளவு மெதுவான வழி, இவ்வளவு பத்திரமான வழியும்.

அப்புறம் பல்குத்தும் குச்சி. கனிமங்களின் கடினத்தை ஒன்று முதல் பத்து வரை மதிப்பிடும் மோஸ் அளவில் மலக்கைட் மூன்றரை முதல் நான்கு. எஃகு ஊசி அதைவிடக் கடினம், கீறிவிடும். ஈரக் குச்சி மண்ணைத் தள்ளும், கனிமத்தைக் கீறாது. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்றை மேசை விளக்கோடு கட்டி வைத்து, ஒரு காசை ஈரம் காயாமல் பிடித்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்தேன். முதலில் விளிம்பில் வரிசையாகப் புள்ளிகள் வந்தன. அடுத்து நேராக ஒரு கோடு, அதன் இரண்டு பக்கமும் மனித உருவம் மாதிரி ஏதோ. ஒரு உருவத்தின் கையில் ஈட்டி. மதியத்துக்குள் படம் தெளிந்துவிட்டது: இரண்டு போர்வீரர்கள், நடுவில் ஒரே ஒரு படைக்கொடி. சுற்றி ‘குளோரியா எக்ஸர்கிடஸ்’, படையின் புகழ் என்ற லத்தீன் சொற்களில் பாதி.

அந்தக் கொடியின் எண்ணிக்கை முக்கியம். 330-இல் இந்த வகை தொடங்கியபோது வீரர்களுக்கு நடுவில் இரண்டு கொடி இருந்தது. 335 வாக்கில் காசைச் சிறிதாக்கியபோது ஒரு கொடியாகக் குறைத்துவிட்டார்கள். 341 வாக்கில் வகையே நின்றுபோனது. ஆக, நான் கையில் பிடித்திருந்தது அந்த ஆறேழு வருடங்களுக்குள் அடித்த காசு. வீரர்களின் காலுக்குக் கீழே மூன்று எழுத்து: டி, ஆர், பி. டிரியர் அக்கசாலை, முதல் பட்டறை. மோசல் ஆற்றங்கரையில் அடித்த காசு கடல் தாண்டி ஒரு பிரிட்டிஷ் வயலில் விழுந்திருக்கிறது. இதைப் படித்த நிமிடம் எழுந்து நடக்க வேண்டும்போல் இருந்தது.

பத்தில் எல்லாமே இப்படி அமையாது. மூன்று காசில் படமே இல்லை, மண்ணுக்குப் போகும் முன்பே கை மாறிக் கை மாறித் தேய்ந்தவை. இன்னொன்றுக்கு நோய்.

நோய் என்றால் உண்மையிலேயே பரவுகிற நோய் மாதிரிதான் நடந்துகொள்ளும். வெண்கல நோய் என்றே சொல்கிறார்கள். காசு வெளியே நன்றாக இருக்கும். ஒருநாள் வெளிர்பச்சை நிறத்தில், தொட்டால் உதிரும் பொடி ஒரு புள்ளியில் பூத்திருக்கும். குளோரைடு உள்ளே போய் உலோகத்தை ஒட்டிச் செப்புக் குளோரைடாகத் தங்கியிருப்பதுதான் வினை. மண்ணுக்குள் இருக்கும்வரை அது பேசாமல் கிடக்கும். வெளிக்காற்றின் ஈரமும் ஆக்சிஜனும் எட்டியதும் பச்சைப் பொடியாக மாறி, கூடவே ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை விடுகிறது. அந்த அமிலம் பக்கத்துச் செம்பைத் தின்று மறுபடி செப்புக் குளோரைடாகிறது. அது மறுபடி அமிலம் விடுகிறது. குளோரைடு செலவாவதே இல்லை, செம்புதான் செலவாகிறது. பொடி அதிக இடம் எடுப்பதால் மேல் அடுக்கு விண்டு விழும். முகமும் கூடப் போகும்.

நீண்ட நாள் ஊறல் இதைக் குறைக்கும், முழுக்கத் தீர்க்கும் என்று நம்ப முடியாது. பென்சோடிரையசோல் என்ற வேதிப்பொருளை அருங்காட்சியகங்கள் பயன்படுத்துகின்றன. அது உடம்புக்குக் கெடுதல், வீட்டில் வேண்டாம் என்பது என் முடிவு. நம்மால் முடிந்தது உலர வைப்பது. காற்றின் ஈரப்பதம் சுமார் 42 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இந்த வினை ஏறக்குறைய நின்றுவிடும். சென்னை மாதிரிக் கடற்கரை ஊரில் அந்த அளவு அபூர்வம், அங்கே சேகரிப்பவர்களுக்குக் காற்றுப்புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் கட்டாயம்.

வாங்கும்போது நான் பார்க்கத் தவறிய விஷயங்கள் இப்போது புரிகின்றன. மொத்தமாக விற்கும் மூட்டையில் நல்ல காசைப் பெரும்பாலும் முன்பே பொறுக்கி எடுத்திருப்பார்கள். உள்ளே வெள்ளி இருக்கலாம், தங்கம் இருக்கலாம் என்று ஆசை காட்டுபவரிடம் வாங்கவே வேண்டாம். வெளிர்பச்சைப் பொடி இருக்கிறதா என்று படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். முக்கியமாக, எங்கே கிடைத்தது என்று கேளுங்கள். பல்கேரியா, செர்பியா பக்கத்திலிருந்து வரும் மூட்டைகளில் திருட்டுத்தனமாகத் தோண்டியவை ஏராளம். இங்கிலாந்தில் 1996-ஆம் வருடப் புதையல் சட்டப்படி, ஒரே இடத்தில் பத்து அல்லது அதற்கு மேல் பழைய செப்புக்காசு கிடைத்தால் அறிவித்தே ஆக வேண்டும். தனித்தனியாக விழுந்தவற்றை 1997 முதல் ஒரு பதிவுத் திட்டம் குறித்து வைக்கிறது. பதிவு எண் கொடுக்கும் விற்பனையாளரிடம் கொஞ்சம் கூட விலை கொடுத்து வாங்கலாம்.

எங்கே கிடைத்தது என்பது ஏன் அவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஃப்ரோம் புதையலைச் சொல்லலாம். 2010-இல் இங்கிலாந்தின் சாமர்செட்டில் டேவ் கிரிஸ்ப் என்பவரின் டிடெக்டர் ஒரு பானையைக் காட்டியது. அவர் தோண்டுவதை நிறுத்திவிட்டுத் தொல்லியலாளர்களைக் கூப்பிட்டார். அவர்கள் அடுக்கடுக்காக எடுத்து எண்ணியபோது 52,503 காசுகள், சுமார் 160 கிலோ. கொஞ்சம் கொஞ்சமாகச் சேமித்த பானை என்றால் பிந்தைய காசுகள் மேலே இருக்க வேண்டும். கடைசியாக வந்த அரசர்களில் ஒருவரான கராசியஸின் காசுகள் பெரும்பாலும் பானையின் பாதிக்கும் கீழே இருந்தன. ஆகவே அது ஆண்டுக்கணக்கில் சேர்த்த உண்டியலாக இருக்க முடியாது. அவ்வளவையும் ஒரே தடவையில் மண்ணில் வைத்திருக்கிறார்கள், ஒருவேளை காணிக்கையாக. மொத்தமாக அள்ளியிருந்தால் இந்தச் சேதி போயே போயிருக்கும். என் பத்துக் காசில் அப்படி என்னென்ன போயிருக்குமோ.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் மண்ணில் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878-ஆம் வருடச் சட்டம், இன்றும் நடப்பில் உள்ளது. நூறு வருடத்துக்கு மேல் பழைய காசைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972-ஆம் வருடச் சட்டம் அனுமதிப்பதில்லை. அமராவதிக் காசு கரூர் அருங்காட்சியகத்திலேயே பார்க்கக் கிடைக்கும்.

நோய் வந்த காசு இப்போது தனி டப்பாவில், சிலிக்கா ஜெல் மேல் இருக்கிறது. ஞாயிறுதோறும் திறந்து லென்ஸில் பார்க்கிறேன். ஒரு கன்னமும் தலைமாலையின் முடிச்சும் தெரிகின்றன, யார் என்று இன்னும் தெரியவில்லை. நெற்றிக்கு மேல் ஒட்டிய மணல் ஓட்டை எடுத்தால் பெயர் தெரியலாம். எடுத்தால் கன்னம் உதிரவும் உதிரலாம். அதைத் தொடாமல் விட்டிருக்கிறேன்.