ஸ்கெலிட்டன்

ஸ்கெலிட்டன் என்பது ஒரு குளிர்கால விளையாட்டு. ‘ஸ்கெலிட்டன் சாம்பியன்’ என்பதை ‘எலும்புக்கூடு சாம்பியன்’ என்று எழுதினால் அகராதிப்படி பிழையில்லை. ஆனால் படிப்பவருக்கு ஒன்றும் விளங்காது. இங்கே எலும்புக்கும் வேலையில்லை, கூட்டுக்கும் வேலையில்லை.

சரி, விளையாட்டு என்ன? வளைந்து வளைந்து இறங்கும் பனிக்கட்டித் தடத்தில், சிறிய சறுக்குவண்டி ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஓடி, அதன்மேல் குப்புறப் பாய்ந்து படுத்து, தலை முன்னே போக இறங்குவது. வேகம் மணிக்கு 130 கிலோமீட்டரைத் தொடும். தாடைக்கும் பனிக்கும் நடுவே சில விரற்கடைதான் இடைவெளி. ஸ்டியரிங் கிடையாது, பிரேக் கிடையாது. தோளாலும் முழங்காலாலும் அழுத்தித்தான் வண்டியைத் திருப்ப வேண்டும்.

சொல்லின் வேர் கிரேக்கம். உலர்ந்தது, வற்றியது என்று பொருள். ஸ்விட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸில் 1892-இல் ஓர் ஆங்கிலேயர் கொண்டுவந்த உலோகச் சறுக்குவண்டி, சதையில்லாத வெறும் சட்டமாக எலும்புக்கூடு போலத் தெரிந்ததால் இந்தப் பெயர் வந்தது என்பார்கள். நார்வே மொழியில் சறுக்குவண்டியைக் குறிக்கும் சொல் ஆங்கிலேயர் வாயில் திரிந்தது என்றும் ஒரு விளக்கம் உண்டு. எது சரியானாலும், பெயர் வண்டிக்குரியது. ஆட்டத்துக்கு அது பிறகுதான் ஒட்டிக்கொண்டது. அதனால்தான் நேர்மொழிபெயர்ப்பு இங்கே கைகொடுப்பதில்லை.

லாட்வியாவின் மார்ட்டின்ஸ் டுக்கர்ஸை எடுத்துக்கொள்வோம். அப்பா டைனிஸ் சிகுல்டா சறுக்குத்தடத்தின் மேலாளராக இருந்தவர், மகனுக்குப் பயிற்சியாளராக இருந்தவரும் அவர்தான். அண்ணன் டோமாஸும் இதே ஆட்டத்தை ஆடியவர். டுக்கர்ஸ் 2011 முதல் 2019 வரை ஆறு முறை உலக சாம்பியன். உலகக் கோப்பைத் தொடரின் ஒட்டுமொத்தப் பட்டம் 11 முறை, அதில் எட்டு தொடர்ச்சியாக. ஆனால் ஒலிம்பிக் தங்கம் மட்டும் கடைசிவரை வாய்க்கவில்லை. 2010-இல் வான்கூவரில் நான்கு சுற்றுகளையும் கூட்டிப் பார்த்தபோது, கனடாவின் ஜான் மாண்ட்கோமரியிடம் தங்கத்தை இழந்தது வெறும் 0.07 நொடியில். 2014-இல் மீண்டும் வெள்ளி, 2018-இல் நான்காம் இடம். இப்படி ஒருவரை ‘எலும்புக்கூடு வீரர்’ என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

அப்படியானால் தமிழில் எப்படிச் சொல்வது? ‘சறுக்கல்’ என்று முடிக்க வேண்டாம். ‘யானைக்கும் அடி சறுக்கும்’ என்று சொல்லிப் பழகிய நமக்குச் சறுக்கல் என்றால் தோல்வி, தடுமாற்றம். ‘டுக்கர்ஸின் சறுக்கல்’ என்றால் அவர் தோற்றதாகவே படும். ‘சறுக்கு’ என்று நிறுத்தினால் அந்தச் சிக்கல் இல்லை. ‘தலைமுன் சறுக்கு’ எனலாம், பொருந்தும்தான். ஆனால் எனக்குப் பிடித்தது ‘குப்புறச் சறுக்கு’. ‘குப்புற’ என்றதுமே உடம்பு கிடக்கும் நிலை கண்ணில் வந்துவிடுகிறது. அப்புறம், இதன் பங்காளியான லூஜுக்கும் சொல் தானாகக் கிடைக்கிறது. அதில் மல்லாந்து படுத்துக் கால் முன்னே போக இறங்குவார்கள். ஆகவே அது ‘மல்லாந்த சறுக்கு’.

செய்தியில் முதல்முறை ‘குப்புறச் சறுக்கு எனப்படும் ஸ்கெலிட்டன்’ என்று எழுதிவிட்டு, பிறகு தமிழ்ச்சொல்லை மட்டும் ஆளலாம். ஆடுபவர் குப்புறச் சறுக்கு வீரர், வீராங்கனை. ஏறிப்போவது சறுக்குவண்டி.