காய்ந்தது, மஞ்சள், மரம்: எக்ஸ் எழுத்தில் தொடங்கும் செடிகள்

தமிழ் அகராதியில் ஞகரம் பிடிக்கும் இடம் மிகக் குறைவு. அதில் தாவரங்களைத் தேடினால் சங்கப் பாட்டில் வரும் ஞாழல், ஞெமை என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். தாவரவியல் பெயர்களில் அதே கதி எக்ஸ் எழுத்துக்கு. பெயரடைவின் கடைசிப் பக்கங்களில், டபிள்யூவுக்கும் ஒய்க்கும் நடுவில், சில வரிகளில் முடிந்துவிடும்.

காரணம் எளிது. இலத்தீனில் எக்ஸில் தொடங்கும் சொந்தச் சொல் ஏறக்குறைய இல்லை; இருப்பவை பெரும்பாலும் கிரேக்கத்திலிருந்து வாங்கியவை. அதனால் மூன்று வேர்ச்சொற்களைத் தெரிந்துகொண்டால் இந்தப் பெயர்களில் பாதிக்கு மேல் பிரித்துப் பொருள் சொல்லிவிடலாம். ஜெரோஸ் என்றால் காய்ந்தது, ஜாந்தோஸ் என்றால் மஞ்சள், ஜைலான் என்றால் மரக்கட்டை. எழுதுவது எக்ஸ் என்றாலும் ஆங்கில வழக்கில் ஒலிப்பது ஜகரம்தான். விதிவிலக்குகளும் உண்டு. ஜிமேனியா என்ற முட்செடிக்கு பிரான்சிஸ்கோ ஜிமேனெஸ் என்ற ஸ்பானியத் துறவியின் பெயர். அங்கே கிரேக்கம் செல்லாது. சில கலப்பினச் செடிகளின் பெயருக்கு முன்னால் நிற்கும் பெருக்கல் குறியை எக்ஸ் என்று படிப்பதும் தவறு. அது எழுத்தே இல்லை, அகரவரிசையிலும் சேராது.

பெயர் வைத்தவர் கண்ணில் பட்டது நிறமோ கட்டையோதான். செடி செய்யும் வேலை வேறொன்றாக இருக்கும்.

மரக்கட்டையிலிருந்து தொடங்கலாம். கேரளத்திலும் தமிழகத்திலும் இருள் என்று சொல்லும் மரத்தின் அறிவியல் பெயர் ஜைலியா ஜைலோகார்ப்பா. இரண்டாம் சொல்லின் பொருள் 'கட்டை போன்ற காய்'. பர்மாவில் பியின்கடோ எனப்படும் இம்மரம் ரயில் தண்டவாளக் கட்டைகளுக்குப் பேர்போனது. காயும் லேசுப்பட்டதல்ல. வெயிலில் முற்றிக் காய்ந்ததும் படாரென்று வெடித்து விதையை வீசும். வெடிக்கும் காய்களின் ஓட்டில் நார்கள் அடுக்குக்கு அடுக்கு வேறு திசையில் சாய்ந்து ஓடும். ஈரம் போகும்போது ஒவ்வொரு அடுக்கும் தன் திசைக்கேற்பச் சுருங்குவதால், இரு பாதி ஓடுகளும் முறுக்கிக்கொள்ளத் துடிக்கும். விளிம்பில் உள்ள ஒட்டு தாங்கும்வரை அந்த விசை சேர்ந்துகொண்டே இருக்கும். ஒட்டு விட்டதும் வெடி. மந்தாரைக் காயிலும் இதே வேலைதான் நடக்கிறது.

மஞ்சளைக் குறிக்கும் வேர்ச்சொல்லில் வருவது ஜாந்தோரியா, 'மஞ்சள் ஒழுகல்'. ஆஸ்திரேலியாவில் மட்டுமே இயற்கையாக வளர்வது. அடிமரத்தில் கசியும் பிசினைக் குறித்த பெயர் இது. சில இனங்களில் பிசின் சிவப்பாகவும் இருக்கும். அந்தப் பிசினைச் சூடாக்கி ஈட்டி முனையைக் கம்போடு ஒட்டவைத்தார்கள் அந்நாட்டுப் பூர்வகுடிகள். மேற்கு ஆஸ்திரேலியாவின் நூங்கர் மக்கள் தங்கள் பகுதி இனத்தை பல்கா என்கிறார்கள்.

பார்வைக்கு மரம் போல நிற்கும். ஆனால் நாம் தண்டு என்று நினைப்பதன் வெளிப்பகுதி பழைய இலைகளின் அடிக்கட்டைகள் பிசினால் ஒட்டி இறுகியது. ஆண்டுக்கு ஏறக்குறைய 1 முதல் 2 செ.மீ. உயரும். ஒரு மீட்டர் தண்டு என்றால் அரை நூற்றாண்டுக்குக் குறையாது. புதர்த்தீ வந்தால் உலர்ந்த இலைப் பாவாடை எரிந்துபோகும். இலையடிகளின் நெருக்கமான அடுக்கு குருத்துக்குக் கவசமாக நிற்பதால், சில வாரங்களில் நடுவிலிருந்து பச்சை எழும். அடுத்த பருவத்தில் பூத்தண்டுகள் கூட்டமாகக் கிளம்பும். இந்தப் பூப்பைத் தூண்டுவது புகையில் உள்ள எத்திலீன் வாயு. அன்னாசி பயிரிடுவோருக்கு இது புதிதல்ல: தோட்டம் முழுவதும் ஒரே சமயத்தில் பூக்க அவர்கள் குருத்தில் ஊற்றும் எத்திஃபான் கரைசல் வெளிவிடுவதும் அதே எத்திலீன்தான்.

தோட்டத்துக்கு வாங்குபவர்கள் ஏமாறும் இடமும் ஒன்று உண்டு. காட்டிலிருந்து பெயர்த்த ஜாந்தோரியா, வேர் செத்த பிறகும் தண்டில் சேர்த்த மாவுச்சத்தை வைத்து ஓராண்டு, சில சமயம் இரண்டாண்டு பச்சையாகவே நிற்கும். பிழைத்துவிட்டது என்று நம்பிய நேரத்தில் குருத்து காயும். இலை பச்சையாக இருப்பதைப் பார்க்காமல் புதுக்குருத்து நீள்கிறதா என்று பார்ப்பதே சரியான சோதனை.

ஜெரோஃபைட்டாவின் பெயருக்குப் பொருள் 'காய்ந்த செடி'. தென்னாப்பிரிக்காவின் டிராக்கன்ஸ்பெர்க் மலைப் பாறைகளில் கையளவு மண்ணில் வளரும் ஜெரோஃபைட்டா விஸ்கோசாதான் அதிகம் ஆராயப்பட்டது. இப்போதைய வகைப்பாட்டில் அது ஜெரோஃபைட்டா ஷ்லெக்டரி. மழையில்லாத பருவத்தில் இலையின் நீரில் 95 சதவீதத்துக்கு மேல் போய்விடும். தொட்டால் நொறுங்கும். மழை பெய்து மூன்று நான்கு நாளில் அதே இலை, புது இலை அல்ல, மறுபடி பச்சையாக நிற்கும். நம் பயிர்களின் இலை கால்வாசி நீருக்கு இறங்கினாலே திரும்புவதில்லை.

சாதாரண இலை காயும்போது சாவதற்கு இரண்டு காரணங்கள். முதலாவது வெளிச்சம். நீர் குறைந்ததும் ஒளிச்சேர்க்கை நின்றுவிடும். ஆனால் பச்சையம் வெயிலை வாங்குவதை நிறுத்தாது. செலவாகாத ஆற்றல் ஆக்ஸிஜன் மேல் பாய, அது தீவிர வடிவங்களாக மாறிச் செல்லை அரிக்கிறது. இரண்டாவது இடநெருக்கடி. நீர் வற்றச் செல் சுருங்கிச் சவ்வு கிழிகிறது. புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, அவித்த முட்டை போலத் திரண்டுவிடுகின்றன.

ஜெரோஃபைட்டா முதல் ஆபத்தைத் தீர்க்கும் விதம் முரட்டுத்தனமானது. பச்சையத்தையும், அது அமர்ந்திருக்கும் சவ்வு அடுக்குகளையும் தானே பிரித்துப்போட்டுவிடுகிறது. இலை நடுநரம்பை ஒட்டி இரண்டாக மடிகிறது. மேலே வரும் பக்கத்தில் ஊதா நிறமி ஏறி வெயிலை மறைக்கிறது. இரண்டாம் ஆபத்துக்கு, செல்லின் பெரிய நீர்ப்பை பல சிறு பைகளாகப் பிரிந்து, நீர் போன இடத்தில் வேறு கரைபொருள்கள் நிரம்புகின்றன. சுவர் உள்ளே இழுபடுவதில்லை. கூடவே சுக்ரோஸ் குவிகிறது. இந்தச் சர்க்கரை கற்கண்டு போலப் படிகமானால் செல் கிழிந்துவிடும். கடலை மிட்டாய்ப் பாகு போல உருவமில்லாமல் உறைந்தால் உள்ளே இருப்பவை இருந்த இடத்திலேயே நிற்கும். கிடைப்பது பாகுதான். ரஃபினோஸ் என்ற இன்னொரு சர்க்கரை கலந்திருப்பது படிகமாகாமல் தடுக்க உதவுகிறது.

இதோடு, காயும் செல்லைக் காக்கும் லியா புரதங்கள் என்ற ஒரு வகையும் சேர்கிறது. இவை முதலில் கண்டறியப்பட்டது 1981இல், பருத்தி விதையில். விதைநெல்லை 13 சதவீத ஈரத்துக்குக் காயவைத்துச் சேமிக்கிறோமே, அந்த நெல்லுக்குள் நடப்பதும் இதே கலைதான். நெற்பயிருக்கு அது விதையில் மட்டும் தெரியும், இலையில் மறந்துபோகும். ஜெரோஃபைட்டா விதையின் வித்தையை இலையிலும் எடுத்து ஆடுகிறது. 2017இல் வெளியான அதன் மரபணுத் தொகுப்பு ஆய்வு இந்தக் கோணத்தைத்தான் பின்தொடர்ந்தது. கேப் டவுன் பல்கலைக்கழகத்தின் ஜில் ஃபாரன்ட், பயிர்களின் இலையில் அந்த மறந்த பாடத்தை எழுப்ப முடியுமா என்று பல ஆண்டுகளாக முயன்றுவருகிறார்.

வரம்புகளும் உண்டு. காய்வது மெதுவாக நடக்க வேண்டும். பிரித்துவைக்கும் வேலைக்கு நாள்கணக்கில் அவகாசம் தேவை. இலையைக் கிள்ளி வேகமாக உலர்த்தினால் மற்ற இலை போலவே செத்துவிடும். ஒவ்வொரு முறை காயும்போதும் முதிர்ந்த இலைகளின் நுனி மீளாமல் போகும். மழை வந்ததும் பச்சையத்தை முதலிலிருந்து கட்ட வேண்டியிருப்பதால் கொஞ்சம் தாமதம். பச்சையத்தை விடாமல் வைத்துக்கொள்ளும் வேறு சில உயிர்த்தெழும் செடிகள் இன்னும் விரைவாக எழும். ஆனால் அவற்றால் இவ்வளவு காலம் காய்ந்து கிடக்க முடியாது.

கடைசியாக, டிராக்கன்ஸ்பெர்க்குக்குப் போகாமல் வயல் வரப்பிலேயே பார்க்கக்கூடிய எக்ஸ் செடி ஒன்று: ஜாந்தியம் ஸ்ட்ருமாரியம், நம் மருளூமத்தை. வேட்டியிலும் ஆட்டு மயிரிலும் ஒட்டும் கொக்கிமுள் காய் அதனுடையது. கிரேக்கர் முடிக்கு மஞ்சள் சாயம் ஏற்ற ஒரு செடியைப் பயன்படுத்தியதால் வந்த பெயர் இது.

இந்தக் களைக்கு இரவை அளக்கத் தெரியும். 1938இல் சிகாகோவில் கார்ல் ஹாம்னரும் ஜேம்ஸ் பானரும் செய்த சோதனைகளில், எட்டரை மணிநேர அளவைத் தாண்டிய தொடர் இருட்டு ஒரே ஓர் இரவு கிடைத்தாலே அது பூக்கத் தொடங்கியது. ஓர் இலை மட்டும் இருட்டில் இருந்தாலும் போதும். நடு இரவில் சில நிமிடம் வெளிச்சம் காட்டினால் கணக்கு கலைந்துவிடும், பூக்காது. 1952இல் இன்னொரு குழு சிவப்பு ஒளி கணக்கைக் கலைப்பதையும், உடனே தொலைசிவப்பு ஒளி (சிவப்பைவிட அலைநீளம் கூடியது) காட்டினால் கலைத்தது செல்லாமல் போவதையும் இதே செடியில் நிறுவியது. சென்னையில் ஆண்டின் மிகக் குறுகிய இரவே 11 மணிநேரத்தைத் தாண்டும். சிகாகோ ரகத்தை இங்கே நட்டால் எந்த மாதமும் அதற்குப் பூக்கும் மாதமே. இந்த அளவு ஊருக்கு ஊர், ரகத்துக்கு ரகம் மாறும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

காய்க்குள் இரண்டு விதைகள். கீழே இருப்பது பெரியது, ஈரம் பட்டதும் முளைக்கும். மேலே இருப்பது சிறியது, பெரும்பாலும் அடுத்த ஆண்டுக்கோ அதற்கும் பிறகோ காத்திருக்கும். கையுறை போட்டு, முற்றிய பத்துக் காய்களை நீளவாக்கில் பிளந்து, விதைகளைத் தனித்தனியே ஈரமணலில் வைத்தால் வித்தியாசம் தெரியும். முளைக்காத சிறு விதையின் தோலைக் கீறிவிட்டால் அதுவும் முளைக்கும். தூக்கத்தின் பூட்டு தோலில் இருக்கிறது என்று 1906லேயே வில்லியம் க்ரோக்கர் காட்டினார்.

அந்த முளையைக் கால்நடை பக்கம் விடக் கூடாது, கீரை என்று பறிக்கவும் கூடாது. விதையிலும், நீண்ட ஒடுக்கமான இரு வித்திலைகள் மட்டும் உள்ள நாற்றிலும் கார்பாக்ஸியட்ராக்டிலோசைடு என்ற நஞ்சு இருக்கிறது. செல்லின் மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து ஆற்றல் வெளியேறும் வாசலை அது அடைத்துவிடும். கல்லீரல் முதலில் விழும். சொரசொரப்பான நிஜ இலைகள் விரிந்ததும் நஞ்சு வேகமாகக் குறைகிறது, ஆபத்து அந்தச் சில நாளில்தான். 2007இல் வங்கதேசத்தின் சில்ஹெட் பகுதியில் உணவுத் தட்டுப்பாட்டு நேரத்தில் இந்த நாற்றைச் சமைத்துச் சாப்பிட்ட 76 பேர் நோயுற்றார்கள், 19 பேர் இறந்தார்கள்.

வயலில் இதை ஒழிக்க, காய் பிடிக்கும் முன் வேரோடு பிடுங்க வேண்டும். காய்கள் மிதப்பவை என்பதால் பிடுங்கியதை வாய்க்கால் கரையில் போடக் கூடாது. முழு வயலும் சுத்தமாகிவிட்டது என்று அந்த ஆண்டே விட்டுவிட்டால், மேல் விதைகள் அடுத்த மழைக்கு முளைத்துவரும். குறைந்தது இரண்டு மூன்று பருவங்கள் தொடர்ந்து பிடுங்க வேண்டியிருக்கும்.