ஆளைத் தூக்குற ஹாய்ஸ்ட்டுக்கு ஏன் பிரேக் போடக் கூடாது?

படுத்த படுக்கையா இருக்குறவங்களை கட்டில்ல இருந்து வீல்சேருக்கு மாத்தணும்னா நம்ம வீடுகள்ல வழக்கமா என்ன நடக்கும், ஒருத்தர் தலைமாட்டுல நின்னு அக்குள்ல கைய விட்டுப் பிடிப்பாரு, இன்னொருத்தர் முழங்காலுக்கு அடியில, அப்புறம் "ஒண்ணு, ரெண்டு, மூணு"ன்னு ஒரே தம்முல தூக்குறது. பல தடவை ஒண்ணும் ஆகாது, அதனால இதுதான் சரியான முறைன்னே நம்பிட்டோம். ஆனா தூக்குறவரோட இடுப்புல என்ன நடக்குதுன்னு கணக்கு போட்டுப் பாத்தா திக்குனு இருக்கும்.

கணக்கு ரொம்ப சிம்பிள். குனிஞ்சு தூக்கும்போது முதுகெலும்போட அடியில இருக்குற கடைசி டிஸ்க்தான் அச்சு. பாரம் அதுக்கு 40 சென்டிமீட்டர் முன்னாடி இருக்குன்னு வெச்சுக்கோங்க, அதை எதிர்த்து இழுக்குற முதுகுத் தசை வெறும் 5 சென்டிமீட்டர் பின்னாடிதான் இருக்கு. அப்போ 8 மடங்கு, 20 கிலோ தூக்குனா தசை 160 கிலோ அளவுக்கு இழுக்கணும். இது போக உங்க மேலுடம்பு, தலை, கை எல்லாம் சேர்ந்து ஒரு 40 கிலோ, குனிஞ்சிருக்குறதால அதோட எடை ஒரு 20 சென்டிமீட்டர் முன்னாடி நிக்குது, அதைத் தாங்க இன்னொரு 160. ஆக தசை இழுக்குறதே 320 கிலோ, அது மொத்தமும் டிஸ்க் மேலதான் போய் அழுத்தும், அதோட தூக்குன பாரமும் மேலுடம்பு எடையும் சேர்ந்தா 350 கிலோவைத் தாண்டிடும். அமெரிக்காவோட நியோஷ் அமைப்பு, வேலை செய்றவங்க உடம்பு கெடாம இருக்க வரம்பெல்லாம் ஆராய்ஞ்சு சொல்றவங்க, இந்த டிஸ்க் மேல விழுற அழுத்தம் 3400 நியூட்டனுக்குள்ள இருக்கணும்னு வெச்சிருக்காங்க, அதுவும் கிட்டத்தட்ட 350 கிலோ எடைதான். 20 கிலோவுக்கே இப்படின்னா 70 கிலோ ஆளை ரெண்டு பேர் பங்கு போட்டா தலைக்கு 35 கிலோ வருதே, யோசிங்க.

அதுலயும் ஆளு ஒண்ணும் அரிசி மூட்டை இல்லையே, பிடிக்க இடம் கிடையாது, பாதி வழியில வலிச்சா உடம்பை முறுக்குவாரு, பயந்து உங்க கழுத்தைப் பிடிச்சுத் தொங்குவாரு. அதனால 2007ல நியோஷ்ல வேலை பாத்த டாம் வாட்டர்ஸ், நோயாளியைக் கையால தூக்குறதுக்குத் தனியா ஒரு வரம்பு போட்டார், 35 பவுண்டு, சுமார் 16 கிலோ. 100 கிலோ ஆளோட ஒரு கால் மட்டுமே கிட்டத்தட்ட அவ்வளவு வரும். அதுக்கு முன்னாடியே 1999ல ஒகாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்துல வில்லியம் மாராஸ் குழு நோயாளியை இடம் மாத்துற பல முறைகளை அளந்து பாத்து, ரெண்டு பேர் சேர்ந்து தூக்குனாலும் இடுப்புக்கு ஆபத்து பெருசாவே இருக்குன்னு சொல்லிட்டாங்க. முழங்காலை மடக்கித் தூக்கு, முதுகை நேரா வெய்னு சொல்லிக்கொடுக்குறது தப்பில்ல, ஆனா அதை மட்டும் நம்பினா பத்தாது.

படுத்திருக்குறவர் பக்கமும் இருக்கே. ஸ்ட்ரோக் வந்து ஒரு பக்கம் விளங்காதவங்களுக்கு தோள்பட்டை மூட்டைப் பிடிச்சு வெச்சிருக்குற தசை தொளதொளன்னு ஆகியிருக்கும், அக்குள்ல கைய விட்டுத் தூக்குனா அந்த மூட்டு நழுவிடும். அப்புறம் தோள் வலி மாசக்கணக்குல.

இதுக்குத்தான் ஹாய்ஸ்ட். நம்ம சர்ஜிக்கல் கடைகள்ல பேஷண்ட் லிஃப்ட்னும் சொல்வாங்க. ஹோயர் லிஃப்ட்னு இன்னொரு பேரும் உண்டு, அது அமெரிக்காவுல விஸ்கான்சின் மாநிலத்துல இருந்த டெட் ஹோயர்ங்கறவர் பேர், அவரே கார் விபத்துல கை கால் விளங்காமப் போனவர். தூக்கிவிடப்படுறவர்தான் இதோட அருமையை முதல்ல உணர்ந்திருக்கார்.

அமைப்புல பெரிய மர்மம் ஒண்ணும் இல்ல. கீழ ரெண்டு கால் முன்னாடி நீண்டிருக்கும், நாலு மூலையிலயும் சின்னச் சக்கரம், பின்னாடி நெட்டுக்குத்தா ஒரு தூண், தூணோட உச்சியில இருந்து முன்னாடி நீளுற ஒரு கை, அதைத்தான் பூம்னு சொல்றது. பூம் நுனியில குறுக்குக் கம்பி, அதுல நாலு கொக்கி, கொக்கியில ஸ்லிங், அதாவது ஆளைத் தாங்குற பட்டை வெச்ச துணி, தொங்கும். விலை கம்மியானதுல ஹைட்ராலிக் பம்ப், கைப்பிடியை அடிச்சு அடிச்சு ஏத்தணும், வால்வைத் திறந்தா இறங்கும், இதுல வால்வை மெதுவாத் திறக்கணும், சட்டுனு திறந்தா ஆளும் சட்டுனு இறங்குவாரு. மோட்டார் வெச்சதுல 24 வோல்ட் பேட்டரி, ஒரு ரிமோட், அவ்வளவுதான்.

மோட்டார் ஹாய்ஸ்ட்ல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், உள்ள இருக்குற திருகு. மோட்டார் ஒரு நீளமான மரை போட்ட தண்டைச் சுத்துது, அந்தத் தண்டு மேல ஒரு நட் ஏறி இறங்குது, நட்டோட சேர்ந்து பூம் ஏறி இறங்குது. அந்த மரையோட சாய்வு ரொம்பக் குறைவு, உராய்வு அதிகம், அதனால மேல இருந்து எவ்வளவு எடை அழுத்துனாலும் தண்டு தானாத் திரும்பாது. கரண்ட் போனாலும், பேட்டரி செத்தாலும், ரிமோட் ஒயர் அறுந்தாலும் ஆளு அந்தரத்துல அப்படியே நிப்பாரே தவிர விழ மாட்டாரு. இறக்குறதுக்கு எமர்ஜென்சி வழி ஒண்ணு இருக்கும், சில மாடல்ல சிவப்பு வளையத்தை இழுக்கணும், சிலதுல திருகணும், அது எங்க இருக்குன்னு மெஷின் வந்த அன்னைக்கே ஆள் இல்லாமப் போட்டுப் பாத்துடுங்க. இன்னொரு நல்ல ஏற்பாடும் பல ஹாய்ஸ்ட்ல உண்டு, மோட்டார் பூமை மேல தள்ள மட்டும்தான் செய்யும், இறக்கும்போது நட்டை மட்டும் கீழ கொண்டுபோகும், பூம் எடையால அது பின்னாடியே இறங்கும், அதனால பூம் அடியில யாராவது மாட்டிக்கிட்டா மோட்டார் பலத்தோட அவங்களைப் போட்டு நசுக்காது.

இப்போ பிரேக் கதைக்கு வருவோம், புதுசா ஹாய்ஸ்ட் பிடிக்கிற எல்லாரும் செய்யுறது இது. தூக்குறதுக்கு முன்னாடி பாதுகாப்புக்காக ஹாய்ஸ்ட் சக்கரத்தை எல்லாம் லாக் பண்ணிடுவாங்க. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா பூம் நேரா மேல போறதில்ல, தூண்ல ஒரு இடத்துல கோர்த்துக்கிட்டுத் திரும்புறதால அதோட நுனி வட்டமா வளைஞ்சு போகுது. பூம் நீளம் 110 சென்டிமீட்டர், கீழ் நோக்கி 30 டிகிரி சாய்வுல இருந்து கிடைமட்டத்துக்கு வருதுன்னு வைங்க, அப்போ நுனி தூண்ல இருந்து 95 சென்டிமீட்டர் தூரத்துல இருந்தது 110க்குப் போயிடுது. 15 சென்டிமீட்டர் முன்னாடி. சக்கரம் ஃப்ரீயா இருந்தா ஹாய்ஸ்ட் தானா அந்த 15 சென்டிமீட்டர் பின்னாடி உருண்டு, ஆளோட எடைக்கு நேரா நுனியைக் கொண்டுவந்து நிறுத்திக்கும். லாக் பண்ணிட்டீங்கன்னா ஒண்ணு ஆளு மெத்தையில இழுபடுவாரு, தோல் உராயும், இல்ல மெத்தையை விட்டு எழும்பின நொடியில ஊஞ்சலாடுவாரு, மோசமா இருந்தா மெஷினே சாயப் பாக்கும். அதனால பெரும்பாலான கம்பெனிகள் தூக்கும்போதும் இறக்கும்போதும் பிரேக்கை எடுத்து வைக்கத்தான் சொல்றாங்க, சரிவான தரை மாதிரி இடங்கள் வேற கதை, உங்க மெஷினோட கையேட்டுல என்ன போட்டிருக்கோ அதுதான் முடிவு. வீல்சேருக்கும் கட்டிலுக்கும் மட்டும் பிரேக் கண்டிப்பாப் போட்டிருக்கணும்.

மெஷின் பத்தி இவ்வளவு பேசினாலும், என் கணக்குல ஹாய்ஸ்ட்ல முக்கால்வாசி பாதுகாப்பு அந்தத் துணியிலதான் இருக்கு. மோட்டாரைக் கெடுக்குறது கஷ்டம், ஸ்லிங்கைத் தப்பா மாட்டுறது ரொம்ப ஈசி. மருந்தையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கிற அமெரிக்காவோட எஃப்டிஏ, இந்த லிஃப்ட்கள்ல இருந்து விழுந்து தலையில அடி, எலும்பு முறிவு, சாவு வரைக்கும் நடந்திருக்குன்னு எச்சரிச்சு தனியா ஒரு வழிகாட்டியே போட்டிருக்கு.

குழந்தையைப் போடுற தூளியை நினைச்சுக்கோங்க. சேலையை ஒரே கொக்கியில கட்டுனா ரெண்டு பக்கமும் மூடிக்கிட்டு குழந்தையை நெருக்கும், அதுக்குத்தான் நடுவுல ஒரு தொட்டில் கட்டையைக் குறுக்கே கொடுத்து விரிச்சு வைப்பாங்க. ஹாய்ஸ்ட்டோட குறுக்குக் கம்பி பண்றதும் அதே வேலைதான். 70 கிலோ ஆளு, ரெண்டு பக்கப் பட்டையும் பாதிப் பாதி தாங்குதுன்னு எளிமையா வெச்சுக்குவோம். பட்டை செங்குத்துல இருந்து 20 டிகிரி சாஞ்சிருந்தா ஒவ்வொரு பக்கமும் 37 கிலோ இழுவிசை, உள்பக்கமா நெருக்குறது 13 கிலோ மாதிரி. 45 டிகிரி சாஞ்சா இழுவிசை 50 கிலோ, நெருக்குறது 35 கிலோ. ஆளு எடை மாறல, மெஷின் மாறல, கோணம் மட்டும்தான் மாறிச்சு, ஆனா தோளையும் இடுப்பையும் போட்டு அமுக்குறது மூணு மடங்கு பக்கம் போயிடுச்சு. சின்னக் கம்பியில பெரிய உடம்பைத் தொங்கவிட்டா அவங்க "ஐயோ இறுக்குது"ன்னு கத்துறதுக்கு அர்த்தம் இருக்கு.

அடுத்தது லூப். ஸ்லிங் பட்டை ஒவ்வொண்ணுலயும் வேற வேற நீளத்துல கலர் கலரா ரெண்டு மூணு லூப் இருக்கும். தோள் பக்கம் குட்டை லூப், கால் பக்கம் நீள லூப் மாட்டுனா தலை ஏறி உக்காந்த நிலையில வருவாங்க, வீல்சேர்ல வைக்க இது தோது. மாத்தி மாட்டுனா சாஞ்ச நிலை, கட்டில்ல இறக்க அது நல்லது. வலது இடது மட்டும் ஒரே கலரா இருக்கணும், ஒரு பக்கம் பச்சை இன்னொரு பக்கம் நீலம்னு மாட்டுனா ஆளு ஒருக்களிச்சுத் தொங்குவாரு. ஒரு கம்பெனி கலர் இன்னொரு கம்பெனிக்கு ஒத்துவராது. கொக்கியில மாட்டுற லூப் ஸ்லிங்கையும் கிளிப் போடுற ஸ்லிங்கையும் கலக்கவே கூடாது.

சைஸ் இன்னொரு தலைவலி. பெருசா இருந்தா வசதிதானேன்னு தோணும், ஆனா பெரிய ஸ்லிங்ல உடம்பு நடுவுல மடிஞ்சு கீழ் வழியா நழுவிப் போக வாய்ப்பிருக்கு, சின்னதா இருந்தா தொடை இடுக்குல வெட்டும், தோள் வெளிய நிக்கும். எடையை மட்டும் பாத்து வாங்கக் கூடாது, வால் எலும்புல இருந்து தோள் வரைக்கும், தலைக்குத் தாங்கல் வேணும்னா தலை வரைக்கும், அளந்துதான் வாங்கணும். பாத்ரூம் போக வசதியா இடுப்புப் பக்கம் பெருசாத் திறந்திருக்குற ஸ்லிங் ஒண்ணு இருக்கு, டிரஸ் மாத்த ரொம்ப ஈசி, அதனாலயே எல்லாத்துக்கும் அதையே போட்டுடுறாங்க, ஆனா அதுல உடம்பைப் பிடிக்கிற துணியே குறைவு, தானா நிமிர்ந்து உக்கார முடியுறவங்களுக்குத்தான் அது. ரெண்டு காலும் தொடைக்கு மேல எடுத்தவங்களுக்கு வழக்கமான ஸ்லிங்கே ஆபத்து, முன்பக்கம் இருந்த கால் எடை போயிட்டதால ஈர்ப்பு மையம் பின்னாடி நகர்ந்து மல்லாக்க சாயப் பாப்பாங்க, தொடைப் பட்டையும் சரியாப் பிடிக்காது, அவங்களுக்குன்னு தனி ஸ்லிங் வருது.

மாட்டுறதை ஒரு தடவை பொறுமையாப் பாருங்க. படுத்திருக்குறவரோட முழங்காலை மடக்கி, தோள்லயும் இடுப்புலயும் கை வெச்சு உங்க பக்கம் ஒருக்களிச்சுத் திருப்பி, பாதி சுருட்டுன ஸ்லிங்கை முதுகு ஓரமா வெச்சு நடுத் தையல் முதுகெலும்புக்கு நேரா, கீழ் விளிம்பு வால் எலும்புகிட்ட வர்ற மாதிரி பாத்துட்டு, அந்தப் பக்கம் திருப்பி மீதியை இழுத்து விரிக்கணும். தொடைப் பட்டை ரெண்டையும் தொடைக்கு அடியில கொடுத்து, சுருக்கமில்லாம நீவிவிட்டு, சாதாரணமா ஒண்ணுக்குள்ள ஒண்ணு விட்டுக் குறுக்கா மாட்டுவாங்க, அப்போதான் கால் விரிஞ்சு நடுவுல இடைவெளி வராது. கம்பியைக் கீழ கொண்டுவரும்போது ஒரு கை அதைப் பிடிச்சே இருக்கணும், முகத்துல இடிச்சா நல்ல அடி. "அப்பா, இப்ப தூக்கப் போறேன், கைய நெஞ்சு மேல மடிச்சு வெச்சுக்கோங்க"ன்னு சொல்லிட்டுத்தான் பட்டனை அமுக்கணும், சொல்லாம தூக்குனா யாரா இருந்தாலும் கம்பியை எட்டிப் பிடிப்பாங்க.

அப்புறம் வர்ற ஒரு நிறுத்தம்தான் மொத்த வேலையிலயும் முக்கியமானது. பட்டை எல்லாம் விறைக்குற வரைக்கும் தூக்கி, உடம்பு இன்னும் மெத்தையில இருக்கும்போதே நிறுத்துங்க. நாலு லூப்பும் கொக்கிக்குள்ள முழுசா இறங்கியிருக்கா, நுனியில தொத்திக்கிட்டு இருக்கான்னு விரலால தொட்டுப் பாருங்க. தளர்வா இருக்குறப்போ சரியா இருந்த லூப் இழுபடும்போது ஓரத்துக்கு நகர்ந்திருக்கும், இந்த நேரத்துல கழண்டா மெத்தையிலதான் விழுவாரு.

தூக்குறதுக்கு முன்னாடியே ஹாய்ஸ்ட் கால்களை முடிஞ்ச அளவு விரிச்சு வைங்க, ஆளும் மெஷினும் சேர்ந்த ஈர்ப்பு மையம் நாலு சக்கரத்துக்கு நடுவுல இருக்குற வரைக்கும்தான் சாயாது, கால் குறுகினா பக்கவாட்டுல அந்த இடம் சுருங்கிடும். ஆளை உசரத்துல வெச்சுக்கிட்டு ஓட்டக் கூடாது. பூமைப் பிடிச்சுத் தள்ளவும் கூடாது, கைப்பிடிக்குன்னு இடம் இருக்கு. கார்ப்பெட், வாசப்படி, பாத்ரூம் நிலைப்படி, முன் சக்கரம் எங்க டக்குனு நின்னாலும் தொங்குறவர் முன்னாடி ஆடுவாரு. தூக்கி வீல்சேர்ல வெக்கத்தான் மொபைல் ஹாய்ஸ்ட், ஹால்ல இருந்து பெட்ரூமுக்கு ஊர்வலம் போக வீல்சேரே போதும்.

இங்கிலாந்துல 1998ல வந்த லோலர் விதிகள்படி, ஆளைத் தூக்குற மெஷினையும் அதோட ஸ்லிங்கையும் 6 மாசத்துக்கு ஒரு தடவை தகுதியான ஆளு முழுசாப் பரிசோதிக்கணும். வீட்டுல நாமதான் பாக்கணும், தையல் விட்டிருக்கா, லூப் நூல் பிரிஞ்சிருக்கா, ப்ளீச் போட்டுத் துவைச்சு துணி நைஞ்சிருக்கா, லேபிள் படிக்க முடியுதா. எழுத்து அழிஞ்சு எவ்வளவு எடை தாங்கும்னே தெரியலைன்னா அதைத் தூக்கிப் போட்டுடுங்க. மெஷின் 180 கிலோ, ஸ்லிங் 150 கிலோன்னா மொத்தமும் 150தான்.

வாடகைக்கு எடுக்குறதுக்கு முன்னாடி டேப் எடுத்துக் கட்டிலுக்கு அடியில அளந்துடுங்க. ஹாய்ஸ்ட் கால் கட்டிலுக்கு அடியில போகணும், அதுக்கு 12 சென்டிமீட்டராவது இடைவெளி வேணும், நம்ம ஊர்ல பாதி வீட்டுல அடியில சாமான் வைக்கிற பாக்ஸ் கட்டில்தான், கால் நுழையவே நுழையாது. சக்கரத்தோட உயரம் எவ்வளவுன்னு கடையில கேட்டுக்கிட்டு, கட்டில் காலுக்கு அடியில கட்டை கொடுத்து உசத்த முடியுமா இல்ல கட்டிலையே மாத்தணுமான்னு முதல்ல முடிவு பண்ணிட்டு அப்புறம் அட்வான்ஸ் கொடுங்க.