குரங்குக்குட்டி மெலிந்தால், வீட்டில் இருமுவது யார் என்று பாருங்கள்

தென்மராட்சியில் ஒரு வீட்டுக்குக் குரங்குக்குட்டி ஒன்றைப் பார்க்கப் போயிருந்தேன். தாய்க்குரங்கு மின்கம்பியில் அடிபட்டுச் செத்துப்போக, பிள்ளைகள் தூக்கிவந்து பால் பருக்கி வளர்த்த குட்டி. தோலும் எலும்புமாய் அப்புவின் கட்டிலடியில் சுருண்டு கிடந்தது.

"பூச்சி மருந்தும் குடுத்துப் பாத்தம் டொக்டர், சரிவரேல்லை" என்றார் வீட்டுக்கார அம்மா. நான் குட்டியைத் தொட முதலே அறைக்குள் இருமல் கேட்டது.

"அது அப்பு. சுருட்டு இருமல், கனகாலமா இருக்கு."

மூன்றாம் நாள் குட்டி செத்தது. முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு உடலைத் திறந்தேன். நுரையீரல் முழுக்க வெண்மஞ்சள் முடிச்சுகள். கீறினால் தயிர்க்கட்டி போல உதிர்ந்தன. காசநோய் என்று சந்தேகித்து அப்புவை மார்புநோய்ச் சிகிச்சை நிலையத்துக்கு அனுப்பினேன். அவருடைய சளியில் கிருமி இருந்தது.

அயலவர்கள் குரங்கைத்தான் குற்றம் சொன்னார்கள். ஆனால் 1882இல் ரொபேட் கொக் கண்டறிந்த அந்தப் பற்றீரியாவின் இயல்பான இருப்பிடம் மனிதர்தான். மனிதரை அண்டாமல் காட்டில் வாழும் குரங்குகளில் இந்த நோய் அரிது. கிருமி தொற்றிய மனிதர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கே அது நோயாகிறது. எங்கள் செங்குரங்கின் உறவினமான ரீசஸ் குரங்கிலோ சில மாதங்களிலேயே உடல் முழுக்கப் பரவிவிடும். இருமல்கூட இல்லாமல், மெலிவு மட்டுமே தெரியலாம்.

"நோயெண்டால் காட்டுப்பக்கம் விட்டிடுவம்" என்று சொல்வோரைக் கண்டால் எனக்குப் பயம். இரவில் குரங்குகள் ஒன்றோடொன்று ஒட்டித்தான் உறங்கும்; ஒன்றின் நோய் மற்றவற்றுக்கும் தொற்றும். அரைகுறையாக மருந்து கொடுத்து மருந்துக்கு மசியாத கிருமியை உருவாக்குவதும் அதே அளவு ஆபத்து. வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். செத்த குரங்கை வெறுங்கையால் தொடாதீர்கள். கடித்தால் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அது விசர்நோய் பற்றிய வேறு கவலை.

வளவுக்கு வரும் குரங்குக்குக் கையால் பழம் நீட்டும்போது முகத்துக்கு முகம் நெருங்குகிறோம். இந்த நோய் மூச்சுக்காற்றில் போவது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால், சுருட்டைச் சாட்டாமல் சளியைச் சோதியுங்கள். மருந்து அரசாங்கத்தில் இலவசம். வழக்கமாக ஆறு மாதம், ஒரு நாளும் தவறாமல்.

அப்பு இப்போது மருந்து எடுக்கிறார். குட்டியை மடியில் வைத்துப் பால் பருக்கிய இரண்டு பிள்ளைகளையும், அப்புவின் முடிவு வந்த மறுநாளே சோதனைக்குக் கூட்டிப்போகச் சொன்னேன்.