மணலியில ஸ்டீம் லைன் மேல சுத்துற அந்த மெல்லிசு பாய்

மணலி பக்கம் லேகிங் வேலை (நீராவி பைப்புல சூடு வெளிய போகாம உறை சுத்துறது) பாக்குற ஒரு தம்பி கேட்டிருந்தாரு: "அண்ணா, ஷட்டவுன்ல ஒரு ஸ்டீம் லைன்ல இருந்த மூணு இஞ்ச் ராக் வூலை (கல்லை உருக்கி இழுத்த பஞ்சு) கழட்டிட்டு, 10 எம்எம் பாய் மாதிரி ஒண்ணை மூணு சுத்து சுத்தி மேல அலுமினியம் தகடு போட்டோம். லைன் ஓடும்போது தகட்டை தொட்டுப் பாத்தா முன்ன இருந்த சூடுதான். இவ்ளோ மெல்லிசா இருந்துட்டு எப்படி நிறுத்துது? வெட்டும்போது பறக்குற தூசு உடம்புக்கு ஆவாதா?"

தம்பி சுத்தினது ஏரோஜெல் பிளாங்கெட். சிலிகாதான், அதாவது மணல்ல இருக்குற அதே சரக்கு, ஆனா உள்ள 90 சதவீதத்துக்கு மேல வெறும் காத்து.

சூடு மூணு வழியில போவும்னு ஸ்கூல்லயே படிச்சிருக்கோம், அதை விட்டுடுவோம். ராக் வூல், கிளாஸ் வூல், தெர்மாகோல் எல்லாமே செய்யுறது ஒரே வேலை, காத்தை நகர விடாம பிடிச்சு வைக்கிறது. அசையாத காத்தோட வெப்பக் கடத்துத்திறன் சுமார் 0.026 (வாட்/மீட்டர்-கெல்வின் கணக்குல, எண் கம்மியானா சூடும் கம்மியா போவும்). பஞ்சோட இழையும் கொஞ்சம் கடத்துறதால ராக் வூல் 0.04 கிட்ட நிக்குது. அப்போ எவ்ளோ நல்ல பஞ்சு போட்டாலும் காத்தோட அளவுக்கு கீழ இறங்க முடியாதுன்னுதானே தோணும்? ஆனா ஏரோஜெல் 0.015 வரைக்கும் இறங்குது, பிளாங்கெட்டா வரும்போது 0.02 பக்கம். காத்தை அடைச்சு வச்ச ஒரு பொருள் காத்தை விட கம்மியா கடத்துது, எனக்கு இதை எத்தனை தடவை யோசிச்சாலும் அலுக்கல.

காத்துல சூடு போறதுன்னா வேகமா ஓடுற மூலக்கூறு பக்கத்துல இருக்குறதை இடிச்சு வேகத்தை கை மாத்துறதுதான். சாதாரண அழுத்தத்துல ஒரு மூலக்கூறு இன்னொண்ணை இடிக்கிறதுக்கு முன்னாடி சராசரியா 70 நானோமீட்டர் ஓடும் (ஒரு மில்லிமீட்டரை பத்து லட்சம் கூறு போட்டா ஒரு கூறுதான் நானோமீட்டர்). ஏரோஜெல்ல இருக்குற ஓட்டைங்க பெரும்பாலும் 20லேர்ந்து 40 நானோமீட்டர்தான். வியாசர்பாடியில கேரம் ஆடுற பசங்களுக்கு இது டக்குனு புரியும், போர்டு முழுக்க காய் பரப்பி அடிச்சா அடி காய்க்கு காய் மாறி அந்தக் கோடிக்குப் போயிடும், அதே போர்டுல குறுக்கயும் நெடுக்கயும் கட்டை அடிச்சு கட்டத்துக்கு ஒரே ஒரு காய் விட்டா அது கட்டையிலதான் முட்டிட்டு கிடக்கும், பக்கத்து காயை தொட வழியே இல்ல. சரி, அந்த சுவர் சூட்டை வாங்கிக்காதான்னா, வாங்கும். ஆனா சுவரே சில நானோமீட்டர் சிலிகா உருண்டைங்க கோத்த சங்கிலி, கோணல் மாணலா போயி பாதி முட்டுச்சந்துல முடியுது, சூடு அதுல சுத்தி சுத்தி ஊர்ந்துதான் வரணும். காத்து இப்படி சின்ன ஓட்டையில அடைபட்டு சூட்டை கை மாத்த முடியாம போறதுக்கு நுட்சென் விளைவுன்னு பேரு, டென்மார்க் இயற்பியலாளர் மார்ட்டின் நுட்சென் பேர்ல வந்தது. இதுல இன்னொரு அழகு, காத்து சூடாக சூடாக அந்த 70 நானோமீட்டர் இன்னும் நீளமாவும், 300 டிகிரி லைன்ல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு, அதனால இந்த அடைப்பு இன்னும் இறுகும். கதிர்வீச்சு மட்டும் அங்க ஏறும், சிலிகா அகச்சிவப்புல ஒரு பகுதியை அப்படியே விட்டுடும், அதை மறிக்கத்தான் கார்பன், டைட்டானியம் டை ஆக்சைடு, இரும்பு ஆக்சைடு மாதிரி பொடி கலக்குறாங்க.

இதை முதல்ல செஞ்சது 1931ல கலிஃபோர்னியாவுல சாமுவேல் கிஸ்ட்லர். திரவம் ஊறி நிக்குற சிலிகா கூழ்தான் ஜெல், அதை சும்மா காய வச்சா உள்ள இருக்குற திரவம் ஆவியாகும்போது ஓட்டைங்களை இழுத்து நசுக்கிடும். அதனால 31 டிகிரிக்கும் 73 அட்மாஸ்பியருக்கும் மேல கார்பன் டை ஆக்சைடை வச்சு காய வைப்பாங்க, அங்க திரவம் வாயுன்ற வித்தியாசமே கிடையாது, இழுவையும் கிடையாது. தனியா விட்டா அப்பளமா நொறுங்கும்னு நார்ப் பாய்க்குள்ள ஊத்தி சேத்தே காய வைக்கிறாங்க, தம்பி கைக்கு வந்தது அதுதான்.

அந்த பெரிய பிரஷர் பாத்திரத்தாலதான் விலை இன்னும் ராக் வூலை விட பல மடங்கு. பிரஷரே இல்லாம காய வைக்கிற முறையில கோலாப்பூர் சிவாஜி பல்கலைக்கழகத்துல ஏ.வெங்கடேஸ்வர ராவ் குழு பல வருஷம் உழைச்சிருக்கு. உமிச் சாம்பல்ல முக்கால்வாசிக்கு மேல சிலிகா, அதுலேர்ந்து ஏரோஜெல் வரும்னு ஆய்வகங்கள்ல செஞ்சே காட்டியாச்சு. செங்குன்றம் அரிசி மில்லுங்க ஒரு பக்கம், மணலி ஆலைங்க இன்னொரு பக்கம், நடுவுல ஒரு சோதனை ஆலை போட ஏன் காசு ஒதுக்க மாட்டேங்குறாங்கன்னு எனக்கு நெஜமாவே ஆதங்கம். ஆய்வுக்கட்டுரை வர்ற வரைக்கும் பணம் தர்றோம், அதுக்கப்புறம் வர்ற செலவான கட்டத்துல கை விட்டுடுறோம்.

எண்ணூர் உப்புக்காத்துல ஏரோஜெல்லை சுத்துறதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. தகடு ஜாயின்ட் வழியா மழைத்தண்ணி இறங்குனா ராக் வூல் அதை பிடிச்சு வச்சுக்கும், பைப் வெளிய தெரியாமலே துருப்பிடிச்சு ஒரு நாள் லீக் அடிக்கும். ஏரோஜெல்ல மெத்தில்ன்ற தண்ணியைத் தள்ளுற கார்பன்-ஹைட்ரஜன் துணுக்கை ஒட்ட வச்சிருக்கறதால தண்ணி ஒட்டாது, ஆவி மட்டும் வெளிய வந்துடும். ரொம்ப சூடான உள்பக்கத்துல அந்த மெத்தில் எரிஞ்சு இந்த குணம் போயிடும், அதனால மேல தகடு வேலையை ஒழுங்கா சீல் பண்ணித்தான் ஆகணும்.

இப்போ தூசு. குவாரி மணல் தூசுல இருக்குறது படிக சிலிகா, நுரையீரலை கெடுக்குறது அது. ஏரோஜெல்ல இருக்குறது படிகமில்லாத சிலிகா, அந்த அளவுக்கு ஆபத்து இல்ல. ஆனா தோல்ல இருக்குற எண்ணெய்ப்பசையை உறிஞ்சி காய வச்சுடும், கண்ணு தொண்டை எரியும், பாய்ல இருக்குற நாரும் அரிக்கும். கையுறை, கண்ணாடி, நல்ல மாஸ்க், முழுக்கை சட்டை, இதெல்லாம் காண்ட்ராக்டர் குடுத்தே ஆகணும், கேட்டு வாங்குங்க. ரம்பம் வேணாம், கூர் கத்தியால வெட்டுங்க, தூசு குறையும். கீழ விழுந்ததை விளக்குமாறால கூட்டாம வேக்யூம்ல எடுங்க, சாப்பாட்டுக்கு உக்கார்றதுக்கு முன்னாடி சோப்பு போட்டு கை கழுவிட்டு கொஞ்சம் தேங்கா எண்ணெய் தடவிக்கோங்க.